ஐம்பத்திரண்டு நாள் ஆறு

அக்டோபர் 29, ஞாயிறு

என் பெயர் வெள்ளிங்கிரி. வயது எழுபத்திரண்டு. இதை எழுதுவது நானே. மார்ச் மாதம் முதியோர் வகுப்பில் பரீட்சை எழுதித் தேறினேன். தினமும் கொஞ்சம் எழுதாவிட்டால் கை மறந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். ஒரு வரி எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் வந்து உட்காருவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

நொச்சியாற்றின் காட்டுப்பக்கக் கரையில், நீர் அளவு பார்க்கும் வீட்டில் இருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் இங்கே கலாசி வேலை. கரையில் நட்ட அளவுக் கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு மணிக்குப் பார்ப்பேன். எண் தெரியும், எழுத்துத் தெரியாது. ரைட்டர் சூசைமாணிக்கம் சனிக்கிழமை தோறும் டவுனிலிருந்து வருவார். அந்த வாரத்தின் இருபத்தோரு அளவையும் மனப்பாடமாகச் சொல்வேன். அவர் நோட்டில் எழுதுவார். ஓய்வுக்குப் பிறகு காவலுக்கு இங்கேயே இருக்கச் சொன்னார்கள். இப்போது அளவு பார்ப்பது ஒரு கருவி.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. வருஷம் ஒருமுறை அதன் எழுத்துகள் மேல் நான்தான் பெயின்ட் அடிப்பேன், கோட்டின் மேலேயே தூரிகையை ஓட்டி. போன மாதம்தான் அதைப் படித்தேன். ‘இங்கே குளிக்கக் கூடாது.’ முப்பத்தொரு வருஷமும் நான் குளித்தது அங்கேதான். சமையலுக்கு வரும் மயிலாத்தாவிடம் சொன்னேன்.

“அதானுங் மாமா ஆறு உங்களப் பாத்தா மொறைக்குது” என்றாள்.

இன்று ஒரு படித்த பெண் வந்திருக்கிறார். பெயர் தாட்சாயணி. ஆற்காடு பக்கம். ஆற்றுக் கணக்கில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். பழைய நோட்டுகளைப் பார்க்க இரண்டு நாள் தங்குவாராம். டிரங்குப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். எனக்கு முன்னால் இருந்தவரின் ஏழும் சேர்த்து முப்பத்தெட்டு நோட்டுகள்.

அக்டோபர் 30, திங்கள்

காலையில் தரைப்பாலம் முழுகிவிட்டது. மேலே மலையில் நல்ல மழை. கம்பத்தில் 2.40 மீட்டர். தண்ணீர் 1.50க்குக் கீழே இறங்கினால்தான் பாலம் வெளியே வரும். பின்னால் காடு. யானை நடமாட்டம் இருப்பதால் அந்தப் பக்கம் போக வழி இல்லை.

பாலம் முழுகுமுன் விடிகாலையில் சமைக்க வந்த மயிலாத்தா, திரும்பிப் போக வழியில்லாமல், நனைந்த சேலையோடு வாசலில் நின்று பாலம் இருந்த இடத்தையே பார்த்தாள். அவளுக்கு இரண்டு பெண்கள். போன வருஷ மழையில் மேட்டுத் தெருவில் மண் சரிந்து வீடு போய்விட்டது. அந்தத் தெருவின் பத்தொன்பது குடும்பங்களும் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள்.

அரிசி நாலு படி, கொள்ளு ஒரு படி, உப்பு இருக்கிறது. புளி இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை. மேகம் விலகினால் அதன் மேல் மட்டும் போனில் பேச முடியும். தாட்சாயணி ஏறி நின்று அலுவலகத்தில் பேசினார். பத்திரமாக இருந்தால் பொறுத்திருக்கச் சொன்னார்களாம்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஒரு மரம் மிதந்து வந்து கருவியை அடித்துக்கொண்டு போய்விட்டது. 3.10. இனி நான்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். நானே எழுதினேன். அரசாங்க நோட்டில் என் கையெழுத்து, முதல் முறை. இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

நவம்பர் 1, புதன்

மழை நிற்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு அறை, மூன்று பேர். சுவர் வியர்க்கிறது. தீப்பெட்டியை மயிலாத்தா அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறாள்.

கருவிக்கென்று வைத்த சோலார் பேட்டரியில் தாட்சாயணி தன் கம்ப்யூட்டரைச் சொருகிக்கொண்டார். என்ன வேலை என்று கேட்டேன்.

“நம்மகிட்ட முப்பத்தெட்டு வருஷக் கணக்குதான் இருக்கு ஐயா. அதுல வராத வெள்ளம் நாப்பதாவது வருஷம் வரலாம். அதனால இந்த ஆறு மாதிரியே ஆயிரம் வருஷத்துக்கு ஒரு ஆத்தைக் கம்ப்யூட்டர்ல உண்டாக்கறேன்.”

“நடக்காத தண்ணிக்கு அளவு எழுதறதுங்களா?”

“ஆமா.”

“பொய்க்கணக்குங்களே அம்மிணி.”

சிரித்தார். “பொய் இல்ல. ஆறு எப்படி நடந்துக்குதுன்னு கத்துக்கிட்டு, அதே மாதிரி எழுதறது.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். ஆற்றை உண்டாக்க அவரிடம் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நேற்றைய அளவைப் பார்த்து, அதிலிருந்து இன்றைக்குக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதுவது. எவ்வளவு என்பது காசு சுண்டிப் பார்ப்பது போல. நான் இதற்குச் சுண்டுகாசுக் கணக்கு என்று பெயர் வைத்தேன். இன்னொன்று, பழைய வருஷங்களைப் பத்து நாள், இருபது நாளாக வெட்டி, இந்த வருஷத் துண்டை அந்த வருஷத் துண்டோடு தைப்பது. இது ஒட்டுத்துணிக் கணக்கு. இரண்டில் எது நிஜ ஆற்றைப் போல் இருக்கிறது என்று ஒப்பிடுவதுதான் அவருடைய படிப்பு.

“நீங்களே சொல்லுங்க. எது ஆறு, எது நான் பண்ணினது?” என்று திரையில் கோடுகளாகக் காட்டினார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதல் கோட்டைப் பார்த்ததும், “இது ஆறு இல்லீங்க” என்றேன். ஏன் என்றார். “ஆறு ஏறுறப்ப ஓடி ஏறும். எறங்குறப்ப முட்டிவலிக்காரன் படியிறங்கற மாதிரி மெதுவாத்தான் எறங்கும். இது ஏறுனாப்பலயே எறங்குது.” அது சுண்டுகாசுக் கணக்கு. ஐந்து கோடு காட்டினார். ஐந்தையும் சரியாகச் சொன்னேன். அவருடைய பேராசிரியர் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன் என்று கை தட்டினார்.

ஆறாவது கோட்டைப் பார்த்து, “இதுவும் ஆறு இல்லீங்க” என்றேன். சொன்ன பிறகுதான் அது எது என்று பிடிபட்டது.

“இது நிஜம் ஐயா. தொண்ணூத்தி நாலாம் வருஷம். அக்டோபர், நவம்பர்.”

கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மாலை அளவு பார்க்கப் போனேன். மணி ஐந்துதான் ஆகியிருந்தது.

நவம்பர் 2, வியாழன்

3.55. கூரை ஒழுகுகிறது. ஈரம் பட்டுவிடக் கூடாது என்று ஒரு நோட்டை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துப் பரண் மேல் வைத்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

காலையில் தாட்சாயணி நோட்டுகளை வரிசையாக அடுக்கி எண்ணினார். முப்பத்தேழு. தொண்ணூற்று நாலாம் வருஷத்து நோட்டைக் காணோம் என்றார். எலி கடித்திருக்கும் என்றேன். நோட்டை எலி முழுசாகத் தின்னுமா என்று மயிலாத்தா கேட்டாள். அவளுக்குச் சில நேரம் வாய் அதிகம்.

“பரவால்ல, அந்த வருஷ அளவெல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க” என்று தாட்சாயணி சொன்னார். “அந்த வருஷம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வருஷம் ஐயா. தொண்ணூத்தி ஒண்ணும் தொண்ணூத்தி நாலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. அதே ஏத்தம், அதே எறக்கம், கொஞ்சம் கம்மி. இந்த ஆறு தன்னைத்தானே திரும்பச் சொல்லுது. சுண்டுகாசுக் கணக்குல இப்படி வரவே வராது. ஒட்டுத்துணிக் கணக்குல தானா வருது. அதனால ஒட்டுத்துணிதான் ஜெயிச்சுது.”

நான் கஞ்சித் தட்டை மூடி வைத்தேன்.

ஒட்டுத்துணிக் கணக்கில் ஆயிரம் வருஷத்திலும் தண்ணீர் 4.30ஐத் தாண்டவில்லையாம். நோட்டுகளில் உள்ள பெரிய வெள்ளமும் அதுதான். “பழைய துணியத்தானே தைக்குது. துணியில இல்லாத பூ எங்கிருந்து வரும்” என்று அவரே சொன்னார். சுண்டுகாசுக் கணக்கில் தண்ணீர் சில தடவை ஐந்தைத் தாண்டுகிறது. ஆனால் தோற்ற கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஐந்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நம் வீட்டு வாசலிலிருந்து கிழக்கே பார்த்தால் மூங்கில்படுகை தெரியும். கம்பத்தின் ஐந்தும் படுகையின் தரையும் ஒரே மட்டம். மேட்டுத் தெருவின் பத்தொன்பது குடும்பங்களுக்கும் அங்கேதான் வீடு கட்டப்போகிறார்கள். ஒன்பதாம் தேதி கலெக்டர் ஆபீசில் கூட்டம். தாட்சாயணியின் கணக்கைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

“எனக்கு ஏழாம் நம்பர் எடமுங் மாமா” என்றாள் மயிலாத்தா, கொள்ளைப் புடைத்துக்கொண்டே. “மூலை. ரெண்டு பக்கம் ஜன்னலு வெக்கலாம். சின்னவ இப்பவே எந்த ஜன்னலு அவளுதுன்னு சண்டைக்கு நிக்கறா. ஏனுங் அம்மிணி, ஆயிரம் வருசத்துக்குத் தண்ணி வராதுங்களா?”

“கணக்குப்படி வராதுக்கா.”

“ஆயிரம் வேண்டாமுங்க. எங்க காலம், புள்ளைக காலம். அது போதும்.”

எல்லாவற்றையும் எழுத ஆசைதான். ஆனால் எழுதினால் எவரும் படிக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. வகுப்பில் இதைச் சொல்லித் தரவில்லை.

நவம்பர் 4, சனி

3.95. இன்று இதுதான் உச்சம் என்று நினைக்கிறேன். மதியம் பின்பக்கம் மூன்று யானைகள் வந்து நின்றன. முன்னால் தண்ணீர், பின்னால் யானை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மாலை வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். பேச ஒன்றும் இல்லாததால் தாட்சாயணி என் வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டார்.

மருதாயி இறந்து வெகுகாலம் ஆகிறது என்றேன். எந்த வருஷம் என்றார். ஞாபகம் இல்லை என்றேன்.

ஆற்றின் இருபத்தோரு அளவை வாரந்தோறும் மனப்பாடமாகச் சொன்னவனுக்குப் பெண்டாட்டி செத்த வருஷம் ஞாபகம் இல்லையா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மாலையில் அளவு பார்க்கப் போனபோது படுகையைப் பார்த்தேன். தண்ணீர் அதற்கு இடுப்பளவு கீழே ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு மழைக்கும் படுகையைத் தொடவில்லை. அதைப் பார்த்ததும் மனசு லேசானது. தொடாது போலிருக்கிறது. நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும். சூசைமாணிக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நல்ல மனிதர். இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக இடமும் இல்லை.

கொள்ளு தீர்ந்தது.

நவம்பர் 5, ஞாயிறு

3.40. மழை தூறலாகிவிட்டது.

பெண்கள் இருவரும் பாறை மேல் போன் பேசப் போயிருந்தார்கள். பரணிலிருந்து நோட்டை இறக்கினேன். கிழித்து ஆற்றில் விட்டுவிடலாம் என்றுதான் இறக்கினேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

திறந்ததும் படிக்கத் தொடங்கிவிட்டேன். எழுத்து தெரிந்த பிறகு கண் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு வாரத்துக்கும் கீழே ஒரு வரி, அதன் பக்கத்தில் என் கைநாட்டு. அந்த வரியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. சம்பளப் பட்டியலில் வைப்பது போல இங்கேயும் வைப்பேன். இன்று படித்தேன்.

‘மேற்கண்ட அளவுகளை ஒவ்வொரு வேளையும் நேரில் பார்த்துச் சொன்னேன். கலாசி வெள்ளிங்கிரி.’

நவம்பர் பதினொன்று இருக்கும் வாரத்தைத் தேடினேன். காலை 1.85. பகல் 1.80. மாலை 1.80. கீழே அதே வரி. அதே கைநாட்டு.

நவம்பர் பதினொன்று காலையில் மருதாயி என் மடியில் தலை வைத்திருந்தாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். பத்து மணிக்கு மூச்சு நின்றது. பகல் பன்னிரண்டுக்கு நான் ஆற்றில் தண்ணீர் பார்த்தேனாம். அரசாங்க நோட்டில் இருக்கிறது. நான்தான் விரல் வைத்திருக்கிறேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், விட்டுப்போகாமல்.

அந்த வருஷம் அக்டோபர் ஒன்பது முதல் நவம்பர் இருபத்தொன்பது வரை நான் இங்கே இல்லை. மாற்றாள் யாரும் வரவில்லை. அளவு சொல்ல ஆள் இல்லாததால் சூசைமாணிக்கமும் வரவில்லை. திரும்பி வந்தபோது ஐம்பத்திரண்டு நாள் நோட்டில் வெறுமையாக இருந்தது. அடுத்த வாரம் பெரிய அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தெரிந்தது. சூசைமாணிக்கம் நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, “சொல்லு வெள்ளிங்கிரி, எதாச்சும் சொல்லு” என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய அளவுகள்தான் மனப்பாடமாக வந்தன. அவற்றில் நாலு விரல், ஐந்து விரல் குறைத்துக் குறைத்துச் சொன்னேன். ஒரே நாளில் ஐம்பத்திரண்டு நாளும் எழுதி முடித்தார்.

தாட்சாயணி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “ஒரே மை. அடித்தல் திருத்தல் எதுவும் இல்ல” என்றார். பிறகு, “அப்ப ஆறு திரும்பச் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. நான் பண்ணின ஒட்டுத்துணி வேலைய நீங்க முப்பது வருஷம் முந்தியே பண்ணிட்டீங்க. உங்க துணிய வெச்சு என் துணிய அளந்திருக்கேன். எப்படி ஜெயிக்காம இருக்கும்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்குதுங் அம்மிணி” என்றேன்.

நான் திரும்பி வந்த அன்று மூங்கில்படுகையில் வண்டல் கணுக்கால் அளவு. அங்கே நிற்கும் நீர்மருது மரத்தில் வைக்கோலும் செத்தையும் சுற்றியிருந்தன. படுகையில் நின்று பார்த்தால் என் மார்பளவு. கரையில் அளவுக் கம்பமே இல்லை, அடித்துக்கொண்டு போயிருந்தது. நான் இல்லாத நாட்களில் எப்போதோ பெரிய வெள்ளம் வந்து போயிருக்கிறது. படுகையில் அப்போது ஆளில்லை. பார்த்தவர் எவரும் இல்லை.

“அதை ஏன் எழுதல?”

“மூணு மீட்டருக்கு மேல போனா மணிக்கு ஒருக்கா ஆபீசுக்குத் தகவல் அனுப்போணுமுங்க. அதான் சட்டம். ஒரு தகவலும் போகல. நோட்டுல வெள்ளம்னு எழுதுனா, ஏன் தகவல் வரலன்னு கேப்பாங்க. அதனால கம்பம் உளுத்து விழுந்ததுன்னு ரைட்டரு எழுதிட்டாருங்க.”

அடுப்படியில் சத்தம் நின்றிருந்தது. மயிலாத்தா முறத்தோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 6, திங்கள்

2.80.

தாட்சாயணி அந்த ஐம்பத்திரண்டு நாளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். ஒட்டுத்துணியின் வெற்றி போய்விட்டது. ஏறுவதும் இறங்குவதும் இன்னும் அதில்தான் சரியாக இருக்கிறதாம். ஆனால் பெரிய வெள்ளமே இல்லாத துணியை வைத்து உயரம் சொல்லக் கூடாது, உயரத்துக்குச் சுண்டுகாசுதான் என்றார். அதில் ஆயிரம் வருஷத்தில் பதினாறு தடவை தண்ணீர் படுகைக்கு மேல் போகிறது.

“அப்பிடின்னா அறுவது வருசத்துக்கு ஒருக்கா” என்று மயிலாத்தா உடனே சொன்னாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். “எம் புள்ளைக காலத்துல ஒருக்கா.”

“ஆமாக்கா.”

மயிலாத்தா என்னைப் பார்த்தாள். “முப்பது வருசமா வாயத் தெறக்கல. எடம் பிரிச்சு, கல்லு நட்டு, நாங்க கும்பிட்டு வந்தப்பவும் தெறக்கல. அன்னிக்குக் கெடா வெட்டிச் சோறு போட்டனே, சப்புக்கொட்டித் தின்னுட்டுப் போனீங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். அவள் விடவில்லை.

“இத்தன நாளுப் பேஞ்சும் தண்ணி அங்க ஏறல. உங்க வாய்தான் இப்ப ஏறுது. இனி வேற எடம் பாக்க எத்தன வருசமோ. பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல படுக்கறது எம் புள்ளைக. நீங்க இல்ல.”

நான் சொன்னது தவறாக இருக்கலாமா என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏழாம் நம்பர் இடத்தில் மார்பளவு தண்ணீர் எங்கே வரும் என்று அவள் மனசுக்குள் அளந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மதியம் எனக்கு மட்டும் தட்டை வைத்துவிட்டு நகர்ந்து போனாள்.

நவம்பர் 7, செவ்வாய்

2.35. காலையில் மேகம் விலகியது. தாட்சாயணி பாறை மேல் நின்று என்ஜினீயரிடம் பேசினார். நானும் ஏறினேன். முட்டி வலி.

வாய்ச்சொல்லை வைத்துப் பதிவேட்டில் இருப்பதைத் தள்ள முடியாதாம். எழுத்தில் வேண்டும். மொத்தமாக எழுதினால் போதாது. ஒவ்வொரு தேதியாக எழுதி, பார்க்கவில்லை என்று சொல்லி, ஒவ்வொன்றின் கீழும் ஒப்பம் இருக்க வேண்டும். ஒன்பதாம் தேதிக் கூட்டத்துக்குள் காகிதம் போய்ச் சேராவிட்டால் மூங்கில்படுகைக்குக் கையெழுத்தாகிவிடும். நாளை காலை தீயணைப்புத் துறையின் ரப்பர் படகு வரும். மேலே மறுபடி மழை இருப்பதால் ஒரே ஒரு நடைதான்.

“நான் எழுதித் தரேன் ஐயா. நீங்க கைநாட்டு மட்டும் வெச்சிடுங்க. அரை மணி நேரம்” என்றார் தாட்சாயணி.

“வேண்டாமுங் அம்மிணி. அது போதும்.”

“எதுங்க ஐயா போதும்?”

“கைநாட்டு.”

அவர் வெள்ளைத்தாள் கொடுத்தார். பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். ‘அக்டோபர் 9. அன்று மூன்று வேளையும் நான் ஆற்றைப் பார்க்கவில்லை. வெள்ளிங்கிரி.’ முதல் தாள் ஈரத்தில் மை ஊறிக் கெட்டது. மறுபடி எழுதினேன். பேட்டரி தீர்ந்துவிட்டது, விளக்கு இல்லை. இருட்டுவதற்குள் பத்தொன்பது நாள் முடிந்தது. கட்டைவிரல் மரத்துப் போய்விட்டது.

சந்தோஷப்படக் கூடாத வேலை. ஆனாலும் பத்தொன்பது இடத்தில் என் பெயர் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 8, புதன்

இதை அக்கரையில், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளுத்ததும் உட்கார்ந்தேன். அவசரப்பட்டால் எழுத்து கோணுகிறது, கோணினால் நின்று பார்க்கிறேன், பார்த்தால் நேரம் போகிறது. நோட்டில் தேதியைத் தேடி, விரல் வைத்து, பிறகு தாளுக்கு வர வேண்டும். இருபத்தைந்தாவது நாளில் வரி மாறிவிட்டது. ஒரே தேதியை இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

அப்போது மயிலாத்தா வந்து எதிரே உட்கார்ந்தாள். நோட்டை என்னிடமிருந்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க தாளப் பாருங்க. தேதிய நான் சொல்றேன்” என்றாள். இரண்டு நாளாக என்னிடம் பேசாதவள். “நவம்பர் ரெண்டு. எழுதுங்க.”

எழுதினேன்.

“நவம்பர் மூணு. ஏனுங் மாமா, ‘ன்’னுக்கு இத்தன சுழி சுழிச்சா படகு போயிரும். வண்டி மாடாட்டம் சுத்தாதீங்க. எழுதுங்க.”

எட்டரை மணிக்குப் படகுச் சத்தம் கேட்டது. மடுவைச் சுற்றிக்கொண்டு கரையோரம் வந்தார்கள், இரண்டு பேர். ஒருவர் கயிற்றை எங்கள் வேலிக்கல்லில் போட்டார். “சீக்கிரம் ஏறுங்க. மேல அணைக்கட்டுல தண்ணி தொறக்கறாங்க. பத்து நிமிசத்துக்கு மேல நிக்க முடியாது” என்று கத்தினார்.

தாட்சாயணி பைகளை எடுத்துக்கொண்டு ஓடினார். மீதியைப் படகில் எழுதலாம் என்றார். படகில் தாள் நனைந்துவிடும் என்று அவருக்கே தெரியும். இல்லாவிட்டால் மீதியைத் தானே எழுதிவிடுவதாகச் சொன்னார்.

“நவம்பர் பத்து” என்றாள் மயிலாத்தா. எழுதினேன்.

“நவம்பர் பதினொண்ணு.”

தேதியை எழுதினேன். அதன் பிறகு வழக்கமான வரிக்குக் கை போகவில்லை. பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. கரையில் அந்த ஆள் மறுபடி கத்தினார். மயிலாத்தா, “சீக்கிரமுங் மாமா, சீக்கிரம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எழுதினேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது.

‘நவம்பர் 11. அன்று மூன்று வேளையும் நான் ஆற்றைப் பார்க்கவில்லை. மருதாயி பக்கத்தில் இருந்தேன். வெள்ளிங்கிரி.’

மயிலாத்தா அதைத் தலைகீழாகவே படித்திருக்கிறாள். நோட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரைக்கு இறங்கினாள். வேலிக்கல்லில் இருந்த கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, தண்ணி வருதுங்கறேன்” என்றார் படகுக்காரர்.

“வரட்டும். பெரியவரு எழுதிட்டிருக்காரு” என்றாள். பிறகு அங்கிருந்தே, ஆற்றுச் சத்தத்துக்கு மேலே, எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: “நவம்பர் பன்னெண்டு.”

இன்னும் பதினெட்டு நாள் மீதி இருந்தது.